தாத்தாவின் கடலும் பேரனின் பென்ஷனும்

போன மாதம் இந்தக் கேள்வி பதில் பகுதியில் சாளைக்கும் நெத்திலிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்த ஒருவருக்குப் பதில் எழுதும்போது, வாய் சும்மா இருக்காமல், என் தாத்தா தூத்துக்குடியில் தோணித் தண்டலாக இருந்தவர், பேரனான நான் மதுரையில் டவுன் பஸ் ஹாரனுக்கு நடுவே உட்கார்ந்து கடலை நினைத்துப் பெருமூச்சு விடுகிறேன் என்று நாலு வரி சேர்த்துவிட்டேன். (தண்டல் என்றால் தோணிக்குக் கேப்டன். வட்டி வசூல் இல்லை. அதையும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.) வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், தமிழ்நாட்டில் பாதிப் பேர் கடலை விட்டு வந்தவர்கள், மீதிப் பேர் கடலுக்குப் போகத் துடிப்பவர்கள் போலிருக்கிறது. சரி, இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு.

வாசகர், ஓசூர்:
அண்ணே, எங்கள் குடும்பப் பெயர் பர்னாந்து. தாத்தா 1950களில் வீரபாண்டியன்பட்டினத்தை விட்டுக் கிளம்பியவர். அப்பா ரயில்வே, நான் ஃபேக்டரி. அடுத்த மார்ச்சில் ஓய்வு. இங்கே இருக்கும் ஃபிளாட்டை விற்றுவிட்டுக் கடலோரமாகப் போய் இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன். "உங்களுக்கென்ன பைத்தியமா?" என்கிறாள் மனைவி. ரத்தத்திலேயே உப்பு இருந்தால் நான் என்ன செய்ய? அப்படியே இன்னொன்று, எங்களுக்குப் போர்ச்சுகீசிய ரத்தம் உண்டா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பர்னாந்து என்ற பெயரைக் கையில் வைத்துக்கொண்டு லிஸ்பனில் உறவு தேட வேண்டாம். முத்துக்குளித்துறை (தூத்துக்குடி வட்டாரக் கடற்கரை) பரதவர்கள் 1535-லிருந்து 1537-க்குள் ஊர் ஊராக ஞானஸ்நானம் வாங்கினார்கள். முத்துக்குளிப்பு யார் கையில் என்ற தகராறில் ஒரு துணை தேவைப்பட்டது, கொச்சியில் இருந்த போர்ச்சுகீசியரிடம் ஆள் போனது, துணையும் வந்தது, கூடவே ஞானஸ்நானமும் வந்தது. சவேரியார் வந்து இறங்கியது அதற்கப்புறம், 1542-ல். ஞானத்தந்தையாக நின்றவர்களின் பெயரை ஏற்றுக்கொண்டு வந்தவைதான் பர்னாந்து, மச்சாது, கோமஸ், மிராண்டா, ரொட்ரிகோ எல்லாம். இலங்கையில் சிங்களவர்களிடையே பெரேராவும் சில்வாவும் பர்னாந்துவும் கொட்டிக் கிடப்பதும் போர்ச்சுகீசியர் காலத்து ஞானஸ்நானத்தால்தான். பெயர் கப்பலில் வந்தது. உங்கள் ஆட்கள் அதற்கு முன்பே கரையில் இருந்தார்கள்.

அடுத்து இந்த உப்பு விஷயம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதே உப்பை நம்பி ஒருமுறை மூட்டை கட்டியவன். சில வருஷங்களுக்கு முன்னால் மணப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் இருந்து பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் கடல். முதல் வாரம் தூங்கவே இல்லை, அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். இரண்டாவது வாரமும் தூங்கவில்லை, ஆனால் அது விடியற்காலை மூன்று மணிக்கு இன்ஜின் போட்டுக் கிளம்பும் படகுகளால். மூன்றாவது மாதம் ஃபேன் ரெக்கைக்குத் துரு வந்தது. ஐந்தாவது மாதம் பைக் செயின். தரை எந்நேரமும் பிசுபிசுவென்று இருக்கும், உப்பு ஜாடியில் உப்பு தண்ணியாய் நிற்கும், போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. ஆனி, ஆடியில் மேல்காற்று எழும்பிவிட்டால் கேட்கவே வேண்டாம், கடல் காற்று வாங்கலாம் என்று போனவன் வாயில் மண்தான் விழுந்தது. அந்தப் பக்கத்துச் செம்மணல் தேரிகளை இப்படிக் குவித்து வைத்ததே அந்தக் காற்றுதான். நல்ல மீன் சாப்பிடலாம் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. நல்ல சீலாவெல்லாம் கரையிலேயே ஏலம் போய் ஐஸ் பெட்டியில் லாரி ஏறிவிடும், நமக்குக் காரல் பொடிமீன்தான். காரல் சொதி அருமையாக இருக்கும், அது வேறு விஷயம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தினமும் சாயங்காலம் மணலில் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பேன். வலை பொத்திக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் பத்துப் பதினைந்து நாள் என்னைக் கவனித்துவிட்டு ஒருநாள் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, "எப்பப் பாத்தாலும் கடலையே பாத்துக்கிட்டு இருக்கியளே, ஒங்க ஆளு யாரும் உள்ள போயிருக்காவளா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஊரில் வேலை வெட்டி இல்லாமல் கடலையே பார்த்துக்கொண்டு யாராவது நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். 2017-ல் ஒக்கி புயலின்போது கன்னியாகுமரிக் கடற்கரை முழுக்க அப்படித்தான் நின்றது. "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மறுநாள் வேறு இடத்தில் போய் உட்கார்ந்தேன், அவர் கண்ணில் படாமல்.

என் தாத்தா பாய்மரத் தோணியில் கொழும்புக்கு வெங்காயமும் மிளகாய் வற்றலும் கொண்டுபோனவர். அப்பாவை ஒரு நாள்கூடத் தோணியில் ஏற விட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டுத் துறைமுகம் பக்கம் வந்தால் அடி விழுமாம். எங்கள் பழைய வீட்டின் வாசல் தெருவைப் பார்த்து இருக்கும், கடல் இருந்தது புழக்கடைப் பக்கம், அங்கே ஒரு ஜன்னல்கூட இல்லை. ஆச்சிக்குத் தண்ணீரைப் பார்க்கவே பிடிக்காது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதை மட்டும் சேலை முந்தானை பறப்பதை வைத்துச் சொல்லிவிடுவார். உங்கள் தாத்தாவும் ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தான் 1950களில் ரயில் ஏறியிருப்பார். அவர் அப்படி ஏறியதால்தான் இன்றைக்குக் கடலை அழகாக நினைக்க உங்களுக்கு வசதி இருக்கிறது. எனக்கும்தான்.

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே இன்றைக்கும் மாதம் ஒருமுறை போய்விட்டு வருகிறேன். ஆனால் ஃபிளாட்டை விற்காதீர்கள். ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அங்கே இருக்க வேண்டும், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை போட்டு ஊர் முழுக்கக் கையில் காசில்லாமல் உட்கார்ந்திருக்கும் 61 நாளும் இருக்க வேண்டும். அப்புறமும் ஆசை இருந்தால் வாங்குங்கள். அதுவரைக்கும் உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வாசகி, பெங்களூரு:
எங்கள் குடும்பமும் ஏதோ ஒரு கடற்கரை ஊர்தான், எந்த ஊர் என்று சொல்ல ஆள் இல்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

வீட்டில் ஆரம்பியுங்கள். இருப்பவர்களிலேயே வயதானவர் யாரோ அவரிடம் போய், "நம்ம பூர்வீகம் எது?" என்று கேட்காதீர்கள், "தெரியலியேம்மா" என்று முடித்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு எங்கே துணி எடுத்தீர்கள், எந்தக் கொடைக்கு, எந்தத் திருவிழாவுக்குச் சின்ன வயதில் கூட்டிப்போனார்கள், முதல் மொட்டை எங்கே அடித்தது என்று கேளுங்கள். ஊர் பெயர் தானாக வெளியே வரும்.

கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். பங்குக் கோயிலில் (ஊர் சர்ச்சில்) ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும்: குழந்தை பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், தேதி. பழைய பக்கங்கள் பல லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும், பெயர்கள் மட்டும் மாறும். முக்கியமாக ஓரத்தில் சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் வேறு ஊரில் போய்த் திருமணம் செய்துகொண்டால் அந்தப் பங்கிலிருந்து தகவல் வந்து, ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறித்துவைப்பது வழக்கம். காணாமல் போன சித்தப்பா எந்த ஊரில் போய்ப் பெண் கட்டினார் என்பது அந்த ஓரத்தில்தான் இருக்கும். என் குடும்பத்தில் 40 வருஷமாக யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு கல்யாணத்தை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்திருக்க வேண்டாம் என்று இரண்டு அத்தைகள் இன்னும் சொல்கிறார்கள்.

முஸ்லிம் குடும்பமென்றால் ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு. காயல்பட்டினம் மாதிரிப் பழைய ஊர்களில் மீசான் கற்களும் (கல்லறைக் கற்கள்) பேசும், அரபு எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். சோழமண்டலக் கரை மீனவக் குடும்பமென்றால் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைக்கட்டு வரிக் கணக்கு (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிப்பது). இது எதுவுமே இல்லாவிட்டால் குலதெய்வம். ஆட்கள் மலையேறிப் போனாலும் சாமி பழைய ஊரிலேயே இருக்கும், வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்க வந்து போகும் பங்காளிகளில் யாராவது ஒருவர் வம்சக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார். சொத்து ஏதாவது இருந்திருந்தால் பழைய பத்திரங்களின் முதல் பக்கத்தைப் படியுங்கள். "இன்னார் குமாரர் இன்னார்" என்று நாலு தலைமுறையை இரண்டே வரியில் அடக்கிவிடுவார்கள் நம் பத்திர எழுத்தர்கள்.

வாசகர், திருப்பூர்:
எச்சிலை அனுப்பினால் வம்சத்தைச் சொல்லும் டி.என்.ஏ. டெஸ்ட் எடுக்கலாமா?

காசு மிச்சமிருந்தால் எடுங்கள். அது உங்கள் எச்சிலை அந்தக் கம்பெனியிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டு, இந்த வட்டாரம் இத்தனை சதவீதம் என்று சொல்லும். ஊர் பெயர், தெரு பெயர், தாத்தா பெயர் எதுவும் சொல்லாது. அதே கம்பெனிக்கு எச்சில் அனுப்பிய தூரத்து உறவு யாராவது இருந்தால் காட்டிக்கொடுக்கும், அது ஒன்றுதான் நமக்கு உருப்படியான உபயோகம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 1540-க்கும் (மேலே சொன்ன ஞானஸ்நானக் காலம்) இன்றைக்கும் நடுவே, தலைமுறைக்கு 25 வருஷம் என்று வைத்தால், 19 தலைமுறை. பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4 என்று பெருக்கிக்கொண்டே போனால் 19-வது படியில் 5,24,288 இடம் வருகிறது. ஒரே ஆளே பல இடத்தில் உட்கார்ந்திருப்பார், சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுக்கிற ஊரில் கேட்கவா வேண்டும். இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தரை மட்டும் பிடித்துக்கொண்டு "இவர்தான் நம் முன்னோர்" என்று மீசை முறுக்குவது கொஞ்சம் வேடிக்கைதான்.

வாசகி, தேவகோட்டை:
"நாமெல்லாம் பூம்புகார்லேருந்து வந்தவுக" என்று எங்கள் ஆயா சொல்லிக்கொண்டே இருப்பார்கள். போன வருஷம் பூம்புகார் போய் அலை முன்னால் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் சுண்டல் விற்கிற பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். இது கதையா, நிஜமா?

பூம்புகார் என்ற துறைமுகம் நிஜம். அதற்குப் பக்கத்தில் கீழையூரில் செங்கல் கட்டிய பழைய படகுத்துறையைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) அங்கிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்தார்கள் என்பது உங்கள் சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயிலாகப் பிரிந்ததற்கும் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாக எண்ணுவதற்கும் கணக்கு இருக்கிறது. பூம்புகாரிலிருந்து நடந்த பயணத்துக்கு அப்படிக் கணக்கு நோட்டெல்லாம் கிடையாது. செட்டிநாட்டு வீடுகளைத் தரையிலிருந்து அவ்வளவு உயர்த்திக் கட்டியது பூம்புகாரைக் கடல் கொண்ட ஞாபகத்தில்தான் என்று அங்கே சொல்வார்கள். மழையே பெய்யாத ஊரில் ஏழெட்டுப் படி ஏறித் திண்ணைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். நிஜமோ இல்லையோ, கடலே தெரியாத ஊரில் அத்தனை படிக்கும் அப்படியொரு காரணம் சொல்லிச் சொல்லிப் பிள்ளை வளர்த்திருக்கிறார்கள். உங்களுக்கு அழுகை வராமல் என்ன செய்யும்? என்னைக் கேட்டால் ஏக்கம் ரத்தத்தில் வருவதில்லை, ஆயா வாயிலிருந்துதான் வருகிறது.

சுண்டல் பையனை விடுங்கள், தினமும் நாலு பேராவது அங்கே அழுதிருப்பார்கள்.

வாசகி, திருச்சி:
எனக்கு 66 வயது. அப்பா தனுஷ்கோடியில் வேலை பார்த்தார். 1964 டிசம்பரில் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு லீவுக்கு ராமநாதபுரம் போயிருந்தார். அப்பா வரவில்லை. அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை, ஆனால் கனவில் கடல் வருகிறது, பயமாக வருவதில்லை, ஆசையாகத்தான் வருகிறது. மகன் காரில் கூட்டிப்போகிறேன் என்கிறான். போகலாமா?

போய்விட்டு வாருங்கள் அம்மா.

இளையவர்களுக்காக மட்டும் இரண்டு வரி. சென்னையில் ரயில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போகலாம் என்று ஒரு காலம் இருந்தது. போட் மெயில் என்பார்கள். பாம்பன் பாலம் திறந்த 1914-லிருந்து ஐம்பது வருஷம் அப்படி ஓடியது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரும் போனது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு போனது. அரசாங்கம் அந்த ஊரை மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்துவிட்டது.

இப்போது அரிச்சல்முனை வரைக்கும் 2017-லிருந்து நல்ல தார் ரோடு இருக்கிறது. விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் வேன்களும் சங்கு மாலைக் கடைகளும் வந்துவிடும், "பேய் ஊர், பேய் ஊர்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போட்டோ எடுப்பார்கள், உங்கள் காதில் அது விழ வேண்டாம். பவளப்பாறைக் கல்லில் கட்டிய சர்ச்சின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ரயில்வே கட்டடங்களின் மிச்சமும் இருக்கிறது. பக்கத்திலேயே மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு இன்னும் இருக்கிறார்கள், யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்து அப்பா பெயரைச் சொல்லுங்கள். தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள், பரவாயில்லை, சொல்லுங்கள். மகனைக் கொஞ்ச நேரம் காரிலேயே இருக்கச் சொல்லுங்கள்.

வாசகர், கோயம்புத்தூர்:
கடலைப் பார்த்த மாதிரி மனை, அலையிலிருந்து நூறு மீட்டர், விலை குறைவு என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

விலை ஏன் குறைவு என்று யோசித்தீர்களா? கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று 1991-லேயே விதி வந்துவிட்டது, இப்போதைய அறிவிக்கை 2019-ல் வந்தது. அதிகபட்ச அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் அந்த விதி பேசும். கிராமப் பகுதியென்றால், 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருக்கமாக வாழும் இடத்தில் முதல் 50 மீட்டரும், அதைவிட நெருக்கம் குறைந்த இடத்தில் முதல் 200 மீட்டரும் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாத பகுதி. ஆக, உங்கள் நூறு மீட்டர் எந்த வகையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. நோட்டீஸ் கொடுத்தவரிடம் கேட்காதீர்கள். சர்வே நம்பரை எடுத்துக்கொண்டு மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தில் கேளுங்கள், உங்கள் மாவட்டத்துக்கு எந்த வரைபடம் நடைமுறையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம். சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு "காலியாக இருக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் போங்கள். வலை காய்கிற இடம், படகு ஏற்றுகிற இடம், பெண்கள் கருவாடு காயப்போடுகிற இடம் எல்லாம் தெரியும். பட்டாவில் அந்தப் பெண்களின் பெயர் இருக்காது. அவர்கள் கருவாட்டுக்கு நடுவே காம்பவுண்ட் சுவர் எழுப்பிவிட்டு நிம்மதியாகக் கடல் பார்க்க முடியுமா உங்களால்? முடியும் என்றால் எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி, ராஜபாளையம்:
அங்கிள், நான் ஒரே ஒரு தடவைதான் கடல் பார்த்திருக்கேன், கன்னியாகுமரியில். அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?

நல்ல கேள்வி பாப்பா. ஒன்றுமே இல்லை, நேராகப் போனால் அன்டார்டிகாதான் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நம்பாதே. உலக உருண்டையில் கன்னியாகுமரி மேல் விரலை வைத்து நேர் தெற்கே இறக்கிக்கொண்டே போ, 5,000 கிலோமீட்டருக்கும் மேல் வெறும் தண்ணீர். அப்புறம் ஏறக்குறைய அதே கோட்டில் ஆம்ஸ்டர்டாம் தீவு என்று பிரான்சுக்குச் சொந்தமான ஒரு குட்டித் தீவு வரும். ஊர் கிடையாது, ஆராய்ச்சிக்காகப் போய்த் தங்குகிறவர்கள் மட்டும்தான். அதையும் தாண்டினால்தான் அன்டார்டிகா.

இதே கேள்வியை உன் வயதில் தூத்துக்குடிக் கடற்கரையில் நின்றுகொண்டு நான் என் தாத்தாவிடம் கேட்டேன். அவர் கண்ணைச் சுருக்கிக் கிழக்கே பார்த்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"கொழும்பு. வெங்காயத்துக்கு நல்ல வெல" என்றார்.